படம் எடுக்காத நேரம்

(குடவாசலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். திரையில் காட்டிய படங்களைச் சுட்டிப் பேசிய பகுதிகள் அச்சுக்காக நீக்கப்பட்டுள்ளன.)



சோழ நாட்டில் கலை பற்றிப் பேச அழைத்தால் கல்லைப் பற்றிப் பேசலாம், செம்பைப் பற்றிப் பேசலாம், நாதஸ்வரத்தைப் பற்றி விடிய விடியப் பேசலாம். ஒளிப்படத்தைப் பற்றிப் பேசச் சொல்வது அரிது. அந்த அரிய காரியத்தைச் செய்த அமைப்பாளர்களுக்கு நன்றி. ஒளிப்படம் தமிழ்நாட்டுக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று இந்த அரங்கில் கேமரா இல்லாத கை ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் படம் எடுப்பவர் எப்படி வளர்கிறார், அவருடைய கண் எதனால் ஆழமடைகிறது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. என்ன கேமரா, என்ன லென்ஸ் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நான் இன்று முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். ஒளிப்படக்காரர் கலைஞராக வளர்வதும் மனிதராக ஆழமடைவதும் அவர் படம் எடுக்காத நேரத்தில் நடக்கின்றன. அந்த நேரத்தை அவருக்குக் கொடுப்பவை பயணமும், பிறர் கையால் உண்ணும் சோறும், நம் அவசரத்துக்கு இசையாத இயற்கையும். ஆன்மிக வளர்ச்சி என்று நான் சொல்லும்போது பூசையையோ விரதத்தையோ மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ‘நான்’ என்ற முனைப்பு மெல்லத் தளர்வதைச் சொல்கிறேன். அது தளரத் தளரப் படத்தில் எதிரே இருப்பவருக்கு இடம் கிடைக்கிறது.

1.

தமிழில் இதற்கு முதல் சான்று ஏ.கே. செட்டியார். 1911-இல் கோட்டையூரில் பிறந்தவர். இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். டோக்கியோவில் ஒளிப்படக் கலை பயின்றார். பிறகு நியூயார்க்குக்குப் போய் மேலும் பயின்றார். நகரத்தார் வீட்டுப் பிள்ளை வியாபாரத்துக்காகக் கடல் கடப்பது அந்தக் காலத்தில் வழக்கம். கேமராவைக் கற்றுக்கொள்வதற்காகக் கடல் கடந்தவர் இவர்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சமாரியா’ என்ற கப்பலில் இருந்தார். காந்தியடிகளின் பிறந்தநாள். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று நடுக்கடலில் அவருக்குத் தோன்றியது. வயது 25. கையில் பெரிய முதல் கிடையாது, பின்னால் எந்த நிறுவனமும் கிடையாது.

அந்தக் கப்பலை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அட்லாண்டிக்கைக் கடக்கும் நாட்களில் ஒளிப்படக்காரருக்கு வேலை இல்லை. நாலு பக்கமும் தண்ணீர். முதல் நாள் எடுத்த படத்தையேதான் மூன்றாம் நாளும் எடுக்க முடியும். பயிற்சி முடித்த கையும் கண்ணும் சும்மா இருக்கின்றன. அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் தன் வாழ்நாளின் பெரிய வேலை அவருக்குப் புலப்பட்டது. பயணம் புதுக் காட்சிகளைத் தருவதால் கலைஞரை வளர்க்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். காட்சி எதுவுமற்ற நாட்களையும் பயணம் தருகிறது. செட்டியாருக்குப் பயன்பட்டவை அந்த நாட்கள் என்பது என் துணிபு.

பிறகு அவர் செய்த வேலையைக் கவனியுங்கள். நான்கு கண்டங்களில் அலைந்தார். 100 பேர் அளவில் ஏறத்தாழ 30 ஆண்டுகளாக வெவ்வேறு நாடுகளில் படம்பிடித்திருந்த காட்சிகளைத் தேடிச் சேர்த்தார். 50,000 அடி நீளமுள்ள படச்சுருள் திரண்டது. அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்து 1940-இல் தமிழில் வெளியிட்டார். பாரிசில் பயிற்சி பெற்ற பி.வி. பதி போன்றவர்கள் படப்பிடிப்பில் உதவினார்கள். ஆனாலும் படத்தின் பெரும்பகுதி முகம் தெரியாத பலருடைய கண்கள் பார்த்தது.

இரண்டு நாடுகளில் முறையாகப் பயின்ற ஒருவர், தன் வாழ்நாளின் தலைசிறந்த படைப்பைப் பெரும்பாலும் பிறர் எடுத்த காட்சிகளால் ஆக்கினார். கேமரா கற்ற எவருக்கும் இது எளிதில்லை. ‘நான் எடுத்தது’ என்ற சொந்தம்தான் இந்தத் தொழிலில் முதலில் வருவது, கடைசியில் போவது. அது அவரிடம் அவ்வளவு சீக்கிரமாக எப்படிப் போயிற்று? ஊர் ஊராகப் போய், அறிமுகமில்லாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்களிடம் இருப்பதைக் காட்டுவீர்களா’ என்று கேட்டுக் கேட்டுப் போயிருக்க வேண்டும். கேட்டுப் பழகியவருக்குத் தன்னிடம் இருப்பது சிறியதாகத் தோன்றும்.

அவருடைய பிற்கால வாழ்க்கையும் அந்த வழியிலேயே போயிற்று. ‘குமரி மலர்’ இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தி, மறந்துபோன பழைய எழுத்துகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சில் ஏற்றினார். உலகம் சுற்றியவர் என்று பெயர் வாங்கியவர், தமிழ்நாட்டைப் பற்றிப் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டிப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். தன்னை முன்னிறுத்திக்கொள்ளவே இல்லை. காந்தி படத்தின் தமிழ் மூலம் இன்று முழுமையாக நம் கையில் இல்லை. அமெரிக்காவில் 1953-இல் உருவான ஆங்கில வடிவம்தான் மிஞ்சியிருக்கிறது. படத்துக்காக அவர் அலைந்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலில் படிக்கலாம். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். அதன் வாக்கியங்கள் சின்னச் சின்னவை. எந்த இடத்திலும் ஆசிரியர் நமக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் வந்து நிற்பதில்லை.

2.

செட்டியார் தேடிப் போன மனிதரே ஒளிப்படக்காரர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்தார். காந்தியின் உறவினரான இளைஞர் கனு காந்தி ஆசிரமத்தில் படம் எடுக்க விரும்பியபோது மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஃபிளாஷ் கூடாது. ‘இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள்’ என்று கேட்கக் கூடாது. ஆசிரமப் பணம் ஒரு காசும் இதற்குத் தரப்படாது. ஜி.டி. பிர்லா கொடுத்த 100 ரூபாயில் கனு ஒரு ரோலிஃபிளெக்ஸ் வாங்கினார்.

இந்த நிபந்தனைகளைத் தொழில் தெரிந்தவராக யோசித்துப் பாருங்கள். அன்றைய ஃபிலிமின் ஒளியுணர்வு குறைவு. மண்சுவர்க் குடிசைக்குள் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டுமானால் சன்னல் வெளிச்சம் எப்போது எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அங்கேயே வாழ வேண்டும். உட்காரச் சொல்ல முடியாது என்றால் அவர் தானாக எப்போது உட்காருவார் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று தடைகளும் சேர்ந்து அந்த இளைஞரை அந்த வீட்டின் மனிதராக்கின.

1946-இல் அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் போர்க்-வைட் உலகப் புகழ் பெற்றவர். இராட்டையில் நூற்கும் காந்தியைப் படம் எடுக்க வேண்டும் என்றார். ‘முதலில் நீங்கள் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று காந்தியின் செயலர் சொல்லிவிட்டார். அவரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அன்று காந்திக்கு மௌன நாள், பேச முடியாது. மூன்றே மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு அனுமதி. முதல் இரண்டு முயற்சிகள் பாழாயின. மூன்றாவதில் கிடைத்ததுதான் உலகம் அறிந்த அந்தப் படம்.

அதில் இராட்டை முன்னால், பெரிதாக இருக்கிறது. காந்தி அதற்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறார். புகழ்பெற்ற மனிதரைப் பின்னால் தள்ளிவிட்டு ஒரு மரச்சாமானை முன்னால் வைக்க வேறு யாருக்கும் துணிவு வந்திருக்குமா என்று எனக்கு ஐயம். நூலைப் பிடித்து, அது அறுந்து, மறுபடி பிடித்த விரல்களுக்குத்தான் அந்தச் சாமானின் பெருமை தெரியும். இது என் வாசிப்பு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3.

இன்னொரு சான்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். 1950 ஏப்ரலில் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். இரமண மகரிஷியின் கடைசி நாட்களை அவர் படமாக்கினார். ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு, வானத்தில் ஓர் ஒளி மெதுவாக நகர்ந்து மலையின் பக்கம் போய் மறைந்ததைப் பார்த்தார், நேரத்தைக் குறித்துக்கொண்டார். மகரிஷி அடங்கியது அந்த நேரத்தில்தான் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஒளியின் படம் இல்லை. விநாடியின் பின்னத்தில் தெருவில் ஓடும் மனிதரைப் பிடித்த கண் அது. உலகமே அந்தக் கண்ணைக் கொண்டாடுகிறது. அன்று அது பார்த்தது, அவ்வளவுதான். படமாக்காமல் பார்ப்பதற்கும் ஓர் ஒளிப்படக்காரருக்கு நேரம் வாய்க்க வேண்டும். இன்றைக்குத் திருவிழாவில் தேர் நிலையை விட்டு நகரும்போது நூறு கைகள் மேலே போகின்றன. தேரைப் பார்க்கும் கண்களைத் தேட வேண்டியிருக்கிறது.

4.

இனிச் சோறு. இந்த ஊரில் நின்றுகொண்டு இதைப் பேசுவதற்கு எனக்குத் தனிக் காரணம் உண்டு.

குடவாசலின் பழம்பெயர் குடவாயில். சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனார் இவ்வூர்க்காரர். சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தார் என்று புறநானூற்று 74-ஆம் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். உடனே வரவில்லை. காலம் தாழ்த்தி வந்தது. கையில் வாங்கினார், குடிக்கவில்லை. குடிக்காமலே இறந்தார். புலவர் பொய்கையார் ‘களவழி நாற்பது’ பாடி அவரை விடுவித்தார் என்று வேறொரு மரபும் உண்டு. அந்த ஆராய்ச்சிக்குள் இப்போது போக வேண்டாம். அதே கோச்செங்கணான் எடுத்ததாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களில் ஒன்றுதான் உங்கள் ஊர்க் கோணேசுவரர் கோயில் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கோயிலும் சிறையும் ஒரே அரசன் பெயரோடு ஒரே ஊரில் நிற்கின்றன.

இரும்பொறையின் கதையை நான் ஒளிப்பட மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. கொடுப்பதிலும் வாங்குவதிலும் மானம் இருக்கிறது என்று இந்த ஊர் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. படம் எடுப்பதும் ஒருவரிடமிருந்து ஒன்றை வாங்குவதுதான். எப்போது கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம், கேட்குமுன் அவரோடு எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதெல்லாம் எடுத்த படத்தில் வந்துவிடுகிறது.

தஞ்சைப் பகுதியை முதன்முதலில் பெரிய அளவில் படம் எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்து 1858-இல் பெரிய கோயிலை எடுத்தார். கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைச் சுவரோடு சுவராக நகர்ந்து எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவில், அந்த வெயிலில், அந்த வேலையைச் செய்த மனிதரை வணங்கத் தோன்றுகிறது. வெறும் வெளுப்பாக விழுந்த வானத்தில் மேகத்தை நெகட்டிவின் மீது கையாலே தீட்டிச் சேர்த்தார். அவருடைய தஞ்சைப் படங்களில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. நீண்ட நேரம் திறந்திருந்த லென்ஸின் முன்னால் நகர்ந்தவர்கள் பதியவில்லை என்பது ஒரு காரணம். கட்டடம்தான் ஆவணம் என்று அரசு நினைத்தது இன்னொரு காரணம். அந்தக் கோயில் கல்வெட்டுகளோ மனிதர்களால் நிரம்பியவை. கோயிலின் ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் அவற்றில் உண்டு. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டி வைத்த நாட்டுக்கு ஒளிப்படம் வந்தபோது கல் பதிந்தது, நெல் உண்டவர்கள் பதியவில்லை.

இன்றைக்கு வருவோம். அறுவடைக் காலத்தில் இங்கிருந்து எந்தச் சாலையில் போனாலும் தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல் காய்வதைப் பார்க்கலாம். வெளியூரிலிருந்து வரும் ஒளிப்படக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்த காட்சி. மேலிருந்து டிரோன் வைத்து எடுக்கிறார்கள். கரிய சாலையில் பொன்னிறப் பட்டை, நடுவில் சேலை கட்டிய ஒரு புள்ளி. அழகான படம்தான். நாட்காட்டிகளில் வருகிறது, போட்டிகளில் பரிசும் பெறுகிறது.

அந்த நெல் ஏன் சாலையில் கிடக்கிறது? இயந்திரத்தில் அறுத்த நெல்லில் ஈரம் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழை பிடித்த ஆண்டுகளில் அந்த அளவைத் தளர்த்தச் சொல்லி மனுப் போக வேண்டியிருக்கும். களமில்லாதவர்களுக்குச் சாலைதான் களம். மேகம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பம் அந்தப் பொன்னிறப் பட்டையின் ஓரத்திலேயே இராத்தங்குகிறது.

அப்படி ஒரு சாலையோரத்தில், களப்பணிக்கு வந்தபோது, ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தேன். தூக்குவாளியில் பழையது வந்திருந்தது. மூடியில் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் ஒரு துண்டு நார்த்தங்காயும். சாப்பிட்டு முடித்தவர் கையைக் கழுவிவிட்டு நெல்லில் நடந்தார். நாலைந்து இடத்தில் குனிந்து அடியிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். ஓர் இடத்தில் ‘கடக்’ என்று உடைந்தது. இன்னோர் இடத்தில் சத்தம் வரவில்லை, நசுங்கியது. திரும்பிப் பார்த்து, ‘இன்னும் ஒரு வெயில் வேணும்’ என்றார்.

ஒரு வெயில். நாளை அளக்க, உழைப்பை அளக்க, கவலையை அளக்க இங்கே இருக்கும் அளவை அது. அந்தச் சத்தத்தைக் கேமராவில் எடுக்க முடியாது. ஆனால் அதைக் கேட்ட ஒளிப்படக்காரர் மறுநாள் அதே சாலையில் வேறு படம் எடுப்பார். டிரோனைப் பையிலேயே வைத்துவிட்டு, தாடையும் கண்ணும் தெரியும் தூரத்துக்குப் போவார். மணி பல்லுக்கிடையில் இருக்கும் அந்தக் கணத்தில் பெரியவர் எதைப் பார்க்கிறார் என்று கவனிப்பார். அவர் மேற்கே மேகத்தைத்தான் பார்க்கிறார்.

இந்த அறிவு கேமராவோடு வரவில்லை, தூக்குவாளி மூடியோடு வந்தது. ஒருவர் சோற்றை வாங்கித் தின்றபின் அவரை வெறும் காட்சியாகப் பார்க்க மனம் வராது. கடன் ஏறிவிடுகிறது. கடன்பட்ட நெஞ்சுதான் நேர்மையான படத்தை எடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

இந்தத் தலைமுறையில் இதற்குச் சான்று மதுரைக்காரர் எம். பழனிகுமார். அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். கடன் வாங்கிக் கேமரா வாங்கிய பழனிகுமார், துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மீன்பாடு குறைந்த கரையோர மக்களிடம் போனார். கடைசியில் கேமராவைத் தன் அம்மாவின் விடியற்கால வேலையின் பக்கம் திருப்பினார். அவர் படங்களில் உழைப்பவர்கள் பரிதாபத்துக்காக நிற்பதில்லை. எந்தச் சோற்றில் தான் வளர்ந்தோம் என்பதை மறக்காத கண் எடுத்தவை அவை.

5.

இயற்கைக்கு வருகிறேன். மா. கிருஷ்ணன் (1912–1996) பெயரை இங்குள்ள பலர் கேள்விப்பட்டிருக்கலாம். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். 46 ஆண்டுகள்! 1996 பிப்ரவரி 18-இல் அவர் இறந்த அன்றும் அவருடைய பத்தி வெளிவந்தது. தமிழிலும் எழுதினார். அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார்.

காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டார். நடந்தும், யானை மேல் இருந்தும் காட்டுக்குள் போனார். இரை கட்டி விலங்கை வரவழைப்பது அவருக்கு உடன்பாடில்லை. விலங்கு எந்த மரத்தடியில், எந்தப் புல்லில் வாழ்கிறதோ அந்த மரமும் புல்லும் படத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முகம் மட்டும் தெரியும் புலிப் படம் அவருக்குப் பாதிப் படம். தாவரவியல் படித்தவர் ஆகையால், யானையைப் பார்க்குமுன் யானை ஒடித்த கிளையைப் பார்த்தார்.

டெல்டாவில் புலியும் யானையும் இல்லையே என்று மாணவர்கள் சொல்வார்கள். கிருஷ்ணன் முறைக்குப் புலி தேவையில்லை. சேறடிக்கும் டிராக்டருக்குப் பின்னால் வரும் கொக்குகளை யாராவது ஒரு பருவம் முழுக்கப் பார்த்திருக்கிறீர்களா? உழவு தொடங்கி எவ்வளவு நேரத்தில் முதல் கொக்கு இறங்குகிறது, மடையான் ஏன் வரப்போரத்திலேயே நிற்கிறது? இதைப் பார்க்க வடுவூர் ஏரி வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. போனால் நல்லது. 1999-இல் சரணாலயமான அந்த ஏரி 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காவிரித் தண்ணீர் கால்வாய் வழியே வந்து ஏரி நிறைந்தால்தான் பறவைக்கு அங்கே வேலை.

இந்த மண்ணில் இயற்கை என்பது தண்ணீரின் வருகை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது மரபு. திறக்கிற ஆண்டும் உண்டு, தள்ளிப்போகும் ஆண்டும் உண்டு. திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேரும் நாளை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. குறுவைக்காரர் காத்திருக்கிறார். அவரோடு ஒளிப்படக்காரரும் காத்திருக்கட்டும். வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும்போது அதற்கு முன்னால் நடந்து வரும் பிள்ளைகளை எடுக்க வேண்டுமானால், தண்ணீர் வராத நாட்களிலும் அந்த மதகில் நின்றிருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 கஜா புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாய்ந்த தென்னைகளை எடுக்க எத்தனையோ பேர் வந்தார்கள்; அந்தப் படங்கள் தேவைப்பட்டன, நிவாரணம் வர உதவின. அந்த ஆண்டு டிசம்பரில் நெல் ஜெயராமன் மறைந்தார். 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர், ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கியவர். புயலைப் படம் எடுக்க ஒரு நாள் போதும். மாப்பிள்ளைச் சம்பாவின் கதிரையும் கிச்சிலிச் சம்பாவின் கதிரையும் பார்த்தவுடன் பிரித்தறியும் கண்ணைப் பெற ஆண்டுகள் ஆகும். இரண்டாவது வகைப் படக்காரர்கள் நமக்கு மிகக் குறைவு. அந்தக் குறை எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

6.

இங்குள்ள இளைஞர்களிடம் சில வேண்டுகோள்கள்.

பயணம் என்றால் இமயமலை என்று எண்ண வேண்டாம். சோழசூடாமணி ஆற்றங்கரையில் ஒரு மதகைத் தேர்ந்தெடுங்கள். ஜூனிலிருந்து தை அறுவடை வரை வாரம் ஒருமுறை அங்கே போங்கள். பாதி நாட்களில் கேமராவை எடுக்காதீர்கள். ஆட்களோடு பேசுங்கள், கொடுப்பதைச் சாப்பிடுங்கள். எடுத்தவற்றை அன்றே உலகத்துக்குக் காட்டாதீர்கள். பருவம் முடிந்ததும் அச்சுப் போட்டு, படத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். இந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட குடவாயில் பாலசுப்பிரமணியன் அவர்கள் கல்வெட்டையும் சிற்பத்தையும் தேடி ஊர் ஊராக நடந்து நமக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறார். கோயிலுக்கு அவர் நடந்த நடையை வயலுக்கு நடக்க யாராவது ஒருவர் இந்த அரங்கிலிருந்து கிளம்ப வேண்டும்.

அறக்கட்டளையாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதி ஸ்டுடியோக்களில் கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா என்று எடுத்த நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக இருக்கும். ஈரக் காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டி அழிகின்றன. செட்டியார் உலகம் சுற்றித் திரட்டியதை நாம் ஒரு வட்டத்துக்குள் திரட்டலாம். அடுத்த ஆண்டு இந்த அரங்கின் வாசலில் ஒரு மேசை போடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய படங்களை எடுத்து வரச் சொல்லுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கம் ஊறிவிடும். நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள் படம் வந்தால் அவர்கள் பெயரைக் கட்டாயம் கேட்டு எழுதுங்கள்.